கத்திரி வெயிலில் ஒரு கோழி உப்புக்கறிப் பை

வெண்ணெய் 32 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலே உருகத் தொடங்கிவிடும். மே மாதத்துக் காரைக்குடியில், அடுப்பைப் பற்றவைப்பதற்கு முன்பே அடுப்படி அதைவிடச் சூடாக இருக்கும். ஆகவே மேல்நாட்டுச் சமையல் புத்தகங்களில் முதல் பாடமாக வரும் பை (pie, மாவு மேலோட்டுக்குள் உள்ளீட்டை அடைத்து ஓவனில் வேகவைக்கும் பண்டம்) மாவை, அதாவது குளிர்ந்த வெண்ணெயைச் சிறு துண்டுகளாக்கி மைதாவில் உதிர்த்துவிட்டு, பனிக்கட்டி போட்ட தண்ணீரைத் தெளித்துச் சேர்த்துப் பிடிக்கும் மாவை, அக்கினி நட்சத்திரத்தில் நம் ஊரில் செய்ய முனைவது வீண் பிடிவாதம் என்பது என் கருத்து. அந்த மாவில் வெண்ணெய் உருகாமல் துணுக்குத் துணுக்காக இருக்க வேண்டும். ஓவனுக்குள் போன பிறகு அந்தத் துணுக்குகள் உருகி இடம் விடுவதால்தான் மேலோடு பொரபொரவென்று உதிர்கிறது. இங்கேயோ விரல் பட்ட மாத்திரத்தில் வெண்ணெய் இளகி மாவோடு கலந்துவிடுகிறது. வெந்து வருவது எண்ணெய்ப் பிசுக்கேறிய தகடு. அரை மணிக்கு ஒருமுறை குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்துத் தேய்க்கிறவர்கள் உண்டு. எனக்கு அந்தப் பொறுமை இல்லை, இங்குள்ள மின்சாரத்துக்கும் இல்லை. வெள்ளைக்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த சுவரும், ஆத்தங்குடிக் கல் பாவிய தரையும், வளவில், அதாவது வீட்டின் நடுமுற்றத்தில், இறங்கும் காற்றும் மனிதரைக் குளிர்விக்கும். வெண்ணெயைக் குளிர்விக்கப் போதா.

ஆனால் அதே மேல்நாடுகளில் ஒன்றான இங்கிலாந்தில், முற்றிலும் எதிர்த்திசையில் போகும் இன்னொரு மாவும் இருக்கிறது. லெஸ்டர்ஷயரில் உள்ள மெல்டன் மோப்ரே என்ற ஊரின் பன்றிக்கறிப் பை புகழ்பெற்றது. 2009-இல் அதற்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் புவிசார் குறியீடும் கிடைத்தது. நரி வேட்டைக்குப் போனவர்கள் கையோடு எடுத்துச் சென்ற பண்டம் அது. அதன் மேலோட்டுக்குக் கொழுப்பையும் தண்ணீரையும் ஒன்றாகக் கொதிக்கவைத்து, கொதிக்கக் கொதிக்க மாவில் ஊற்றிக் கிளறுகிறார்கள். வெந்நீர் பட்டவுடன் மாவின் ஸ்டார்ச்சில் ஒரு பகுதி அங்கேயே வெந்துவிடுகிறது. உருகிய கொழுப்பு மாவுத் துகள்களைச் சுற்றிப் படிந்துகொள்கிறது. அதனால் ரப்பராய் இழுக்கும் தன்மை அடங்கி, சொன்ன உருவத்தில் நிற்கிற மாவு கிடைக்கிறது. இந்த மாவு சூடாக இருக்கும்வரைதான் வளையும், ஆறிவிட்டால் வெடிக்கும். குளிர்நாட்டில் செய்பவர்களுக்கு அதுதான் பெரிய அவசரம். நமக்கு அந்த அவசரமே கிடையாது. நம் மே மாதம் ஈரத்துணிக்கு அடியில் அந்த மாவை ஒரு மணி நேரத்துக்கும் மேலாக இளக்கமாகவே வைத்திருக்கிறது. செட்டிநாட்டுக் கோடையில் பை செய்ய வேண்டுமென்றால் இதைத்தான் செய்ய வேண்டும் என்பதே இந்தப் பதிவில் நான் சொல்ல வந்தது.

இதை இவ்வளவு யோசிக்க நேர்ந்ததற்குக் காரணம் எங்கள் வீட்டு விடுமுறை விருந்து. பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை விட்டதும் சென்னையிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் பங்காளி வீட்டார் கானாடுகாத்தானில் உள்ள பெரிய வீட்டுக்கு வந்து சேருவார்கள். முன்பெல்லாம் சமையல்காரர்களை அழைத்துப் பந்தி போட்டார்கள். இப்போது புள்ளிக்கு, அதாவது குடும்பத்துக்கு, ஒரு பண்டம் என்று பிரித்துக்கொள்கிறோம். வெள்ளைப் பணியாரம், இடியாப்பம், கவுனி அரிசி ஆகிய மூன்றுக்கும் எப்போதும் ஆள் இருக்கும், அவற்றில் போட்டியும் இருக்கும். நம் பங்காக வேறு எதைக் கொண்டுபோவது என்ற கேள்விக்குப் பை நல்ல விடை. காரைக்குடியில் செய்து, 15 கிலோமீட்டர் காரில் வைத்துக்கொண்டு போனாலும் சிந்தாது. அங்கே போய் அடுப்பைப் பற்றவைக்கத் தேவையில்லை. கத்தி ஒன்று இருந்தால் வந்தவர் எண்ணிக்கைக்குத் தக்கபடி மெல்லிதாகவோ பருமனாகவோ பகிர்ந்துகொள்ளலாம்.

முதலில் உள்ளே வைப்பதைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பையின் நன்மை தீமை பெரும்பாலும் அங்கேதான் முடிவாகிறது. குழம்பை மேலோட்டுக்குள் ஊற்றக் கூடாது. உணவகங்களில் 'சிக்கன் செட்டிநாடு' என்ற பெயரில் மசாலாவும் எண்ணெயும் மிதக்கக் கொண்டுவந்து வைக்கிறார்களே, அதை உள்ளே வைத்தால் அடிமாவு வேகாமல் களியாகிவிடும். நம் வீடுகளில் அதற்கு நேர்மாறான பண்டம் ஒன்று இருக்கிறது: உப்புக்கறி. மசாலாப் பொடி எதுவும் சேராது. வரமிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, உப்பு, நல்லெண்ணெய், தாளிக்கக் கொஞ்சம் சோம்பு. அவ்வளவில் கறி தன் சாற்றிலேயே சுண்டிச் சுருண்டு வரும். பைக்கு இதைவிடப் பொருத்தமான உள்ளீடு எனக்குத் தெரியவில்லை.

பன்னிரண்டு பேருக்கு, மற்ற பண்டங்களோடு சேர்த்துச் சாப்பிட, வெட்டிய நாட்டுக்கோழி 2 கிலோ வாங்குகிறேன். பிராய்லர் சீக்கிரம் வெந்துவிடும்தான், ஆனால் அது விடும் தண்ணீரைச் சுண்டவைப்பதற்குள் கறி நார் நாராகப் பிரிந்துவிடுகிறது. கோழியை மஞ்சள் தூள், உப்பு, தட்டிய இஞ்சி சேர்த்துக் குக்கரில் மிருதுவாக வேகவைத்து, ஆறியதும் எலும்பிலிருந்து சதையைப் பிரித்துவிட வேண்டும். ஏறக்குறைய 800 கிராம் தேறும். இந்த வேலையைக் கையால்தான் செய்ய வேண்டும், அவசரப்படாமல் செய்ய வேண்டும். கழுத்திலும் விலாவிலும் இருக்கும் ஊசி எலும்புகள் விரலுக்கு மட்டுமே அகப்படும். விருந்தில் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதை நினைவில் வைத்து, பிரித்த சதையை ஒரு தட்டில் பரப்பி இன்னொருமுறை தடவிப் பார்த்துவிடுவது நல்லது.

எலும்பு வெந்த சாற்றை வடிகட்டி, அகலமான வாணலியில் ஒரு டம்ளர் அளவுக்கு வரும்வரை சுண்டவைக்கிறேன். வேறொரு சட்டியில் நல்லெண்ணெய் காய்ந்ததும் சோம்பு, ஒரு துண்டு பட்டை, இரண்டு இதழ் கல்பாசி. கல்பாசியை அதற்கு மேல் போட்டால் மண்வாடை தூக்கும். விதை நீக்கிக் கிள்ளிய மிளகாய் பத்துப் பன்னிரண்டு. 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற ராமநாதபுரம் முண்டு மிளகாய் கிடைத்தால் அதைத்தான் எடுப்பேன். நிறம் தருகிறது, தோல் தடிப்பாக இருப்பதால் கறியோடு சேர்த்து மென்று சாப்பிடவும் நன்றாக இருக்கிறது. பிறகு உரித்த சின்ன வெங்காயம் 300 கிராம், முழுப் பூண்டு ஒன்று, ஒரே ஒரு தக்காளி. இவை வதங்கிய பின் சதையையும், வேகவைத்துச் சிறு சதுரங்களாக நறுக்கிய உருளைக்கிழங்கு 300 கிராமையும் போட்டு, சுண்டிய சாற்றை ஊற்றி, கரண்டியால் ஒதுக்கினால் சட்டியின் அடி ஈரமில்லாமல் தெரிய வேண்டும் என்ற அளவுக்குக் கிளறுகிறேன். உருளைக்கிழங்கு உப்புக்கறிக்கு உரியது அல்ல என்று அடம்பிடிப்பவர்கள் இருப்பார்கள். இங்கே அதன் வேலை, ஓவனுக்குள் கறி விடும் கடைசிச் சாற்றை வாங்கிக்கொள்வது. காரத்தையும் உப்பையும் நாவுக்குச் சற்றுத் தூக்கலாகவே வையுங்கள். மேலோட்டோடு சேர்த்துச் சாப்பிடும்போது இரண்டும் இறங்கிவிடும்.

ஒரிஜினல் மெல்டன் மோப்ரே பையில் வெந்து ஆறிய பிறகு மேலே உள்ள துளை வழியாகப் பன்றிக்கால் சாற்றை ஊற்றி ஜெல்லியாக உறையவிடுவார்கள். ஆட்டுக்கால் சூப் நன்றாகவே உறையும் என்பதால் அதைக் கொண்டு இங்கேயும் செய்யலாமே என்று தோன்றும். செய்யலாம், மார்கழியில். ஜெல்லி 35 டிகிரியை நெருங்கும்போதே இளகிவிடும். மே மாதத்தில் காருக்குள் வைத்த பையில் அது மறுபடி சூப்பாகி அடிமாவை நனைத்துவிடும். ஆகவே ஜெல்லி வேண்டாம். அதற்குப் பதிலாக இங்கிலாந்துக்காரர்கள் சிலவகைப் பையில் செய்வதுபோல் நடுவில் வேகவைத்த முட்டை நான்கைப் புதைக்கிறேன். வெட்டும்போது துண்டுக்குத் துண்டு மஞ்சளும் வெள்ளையும் தெரியும்.

உள்ளீடு முற்றிலும் ஆற வேண்டும். சூட்டோடு வைத்தால் மேலோட்டுக்குள் ஆவி கட்டி, வேகும் முன்பே மாவு இளகிச் சரியும். அகலமான தட்டில் பரப்பி மின்விசிறிக்கு அடியில் ஆறவிட்டு, சூடு போனவுடன் குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்; இந்தப் பருவத்தில் வெந்த கறியை மணிக்கணக்கில் வெளியே வைப்பது தவறு.

இப்போது மாவு. மைதா 500 கிராம், உப்பு ஒன்றரைத் தேக்கரண்டி, தண்ணீர் 200 மில்லி, கொழுப்பு 200 கிராம், முட்டை ஒன்று. இங்கிலாந்தில் கொழுப்பு என்றால் பன்றிக்கொழுப்பு. நம் விருந்தில் அதற்கு இடமில்லை. வெண்ணெய் 150, நெய் 50 என்பது என் கணக்கு. முழுக்க நெய்யாகப் போட்டால் மாவு மணலாக உதிர்கிறது, மணமும் கறியை அமுக்கிவிடுகிறது. டால்டா போட்டால் மாவு இன்னும் விறைப்பாக நிற்கும் என்பது உண்மைதான். உணவுப் பொருட்களில் உள்ள எண்ணெய்க் கொழுப்பில் டிரான்ஸ் கொழுப்பு 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்ற விதி 2022-இலிருந்து நடப்பில் இருப்பதால் பழைய அச்சம் வேண்டியதில்லை என்றாலும், அது வாயின் மேல்தட்டில் ஒட்டிக்கொள்வது எனக்குப் பிடிப்பதில்லை. மைதாவே வேண்டாம் என்பவர்கள் கால் பங்கு கோதுமை மாவு கலக்கலாம். அதற்கு மேல் போனால் மடிக்கும் இடமெல்லாம் கீறல் விடும்.

தண்ணீரையும் கொழுப்பையும் உப்பையும் ஒன்றாக அடுப்பில் வைத்து, தளதளவென்று கொதி வந்ததும் இறக்கி, மைதாவின் நடுவில் பள்ளம் செய்து ஊற்றி மரக்கரண்டிக் காம்பால் கிளறுங்கள். கட்டி கட்டியாகச் சேர்ந்து வந்த பிறகு, அடித்த முட்டையைச் சேர்க்க வேண்டும். முன்பே ஊற்றினால் முட்டை வெந்து திரிந்துவிடும். கை பொறுக்கும் சூட்டில் இரண்டு மூன்று நிமிடம் பிசைந்தால் மாவு வழுவழுப்பாக, மெல்லிய பளபளப்போடு உருண்டு வரும். நான் இதைச் செய்துகொண்டிருந்தபோது, நாற்காலியில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த அப்பத்தா எட்டிப் பார்த்துவிட்டு, "வெந்நீ ஊத்திக் கிண்டுறே, கை சூட்டுலயே பெசையிறே. இது கொழுக்கட்ட மேமாவு வேலதானப்பா, இதுக்குப் போயி பொஸ்தகமா?" என்றார்கள். அவர்கள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கொழுக்கட்டைக்குச் சொப்பு செய்யத் தெரிந்த கைக்கு இந்த மாவில் புதிதாகக் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மாவு எந்தப் பதத்தில் வெடிக்கும், எந்தப் பதத்தில் ஒட்டும் என்பதெல்லாம் அந்த விரல்களுக்கு ஏற்கெனவே தெரியும்.

ஈரத்துணி போர்த்தி இருபது நிமிடம் விட்டு, கால் பங்கை மூடிக்காக எடுத்துவைத்து, மீதியை அரைச் சென்டிமீட்டர் தடிப்பில் தேய்க்க வேண்டும். 20 சென்டிமீட்டர் அகலமும் 7 சென்டிமீட்டர் உயரமும் உள்ள எந்தக் கேக் டின்னும் போதும். நான் பயன்படுத்துவது மங்குச் சட்டி, அதாவது எனாமல் பூசிய இரும்புச் சட்டி. காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருவில் பழம்பொருள் கடைகளை ஒரு சுற்றுச் சுற்றினால், ஒரு காலத்தில் ஸ்வீடனிலிருந்தும் செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்தும் கப்பலில் வந்து சீர்சாமான்களோடு பரணேறிய மங்குச் சாமான்கள் அடுக்கடுக்காகக் கிடைக்கும். இரும்புத் தகட்டின்மேல் கண்ணாடிப் பூச்சை 800 டிகிரி அளவில் சுட்டு எடுத்தவை என்பதால் ஓவன் சூடு அவற்றை ஒன்றும் செய்யாது. உள்ளே இரும்பு இருப்பதால் சூடு சட்டென்று அடிமாவுக்குப் போய்ச் சேர்கிறது. கண்ணாடிப் பாத்திரத்திலும் பீங்கானிலும் இது இத்தனை விரைவாக நடப்பதில்லை. ஆனால் வாங்கும்போது கண்ணை நன்றாகத் திறந்து பாருங்கள். உள்பக்கம் வெள்ளையாக, சில்லு பெயராமல் இருப்பதை மட்டும் எடுங்கள். பழைய மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சுப் பூச்சுகளில் காட்மியமும் ஈயமும் இருந்திருக்க வாய்ப்புண்டு என்பதால் அவற்றை அலமாரியில் அழகுக்கு வைப்பதோடு நிறுத்திக்கொள்ளலாம். எந்தச் சட்டியானாலும் பட்டர் பேப்பர் விரித்து, அதன் இரு முனைகளும் வெளியே நிற்கும்படி விட்டால் பிறகு பையைத் தூக்கி எடுக்க வசதி.

தேய்த்த மாவைச் சட்டிக்குள் இறக்கி, மூலைகளில் காற்று நிற்காமல் விரல் முட்டியால் அழுத்தி, விளிம்புக்கு வெளியே இரண்டு விரற்கடை தொங்கவிட வேண்டும். எங்கேனும் கிழிந்தால் எடுத்துவைத்த மாவில் ஒரு துண்டை வைத்து ஒட்டிவிடலாம். இந்த மாவு எதையும் மன்னிக்கும். பாதிக் கறி, அதன்மேல் முட்டைகள், மேலே மீதிக் கறி என்று இடைவெளி இல்லாமல் அடைத்து, விளிம்பில் முட்டை தடவி, மூடியைப் போர்த்துங்கள். ஓரம் மடிக்கும் வேலையை அப்பத்தா என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார்கள். இடது கைக் கட்டைவிரலால் மாவைச் சற்றே முன்னால் தள்ளி, வலது கை இரு விரலால் அதைக் கிள்ளி உள்பக்கம் ஒரு முறுக்கு, அடுத்த மடிப்பு முந்தைய மடிப்பின் வாலைப் பிடித்துக்கொண்டு நிற்கும். கண்ணாடி போடாமலே சட்டியைச் சுற்றி வந்தார்கள், மடிப்புகளுக்கு இடையில் நூலிழை வித்தியாசம் இல்லை. நடுவில் ஆவி போக ஒரு ரூபாய் அகலத்துக்குத் துளை. மேலெல்லாம் அடித்த முட்டை.

ஓவனை 200 டிகிரியில் முன்கூட்டியே சூடாக்கி, முதல் அரை மணி அந்தச் சூட்டிலும், அடுத்த 45 நிமிடம் 180 டிகிரியிலும் வைக்கிறேன். உள்ளே உள்ளது வெந்த கறி என்பதால் வேக வேண்டியது மாவு மட்டுமே. நிறம் முன்னதாகவே ஏறிவிட்டால் மேலே அலுமினியத் தாள் போட்டுக்கொள்ளலாம். சிறிய ஓவன்களின் திருகில் காட்டும் டிகிரிக்கும் உள்ளே இருக்கும் உண்மையான சூட்டுக்கும் பெரும்பாலும் சம்பந்தம் இருப்பதில்லை. உள்ளே தொங்கவிடும் வெப்பமானி ஒன்று வாங்குவது, விலை உயர்ந்த பாத்திரங்கள் வாங்குவதைவிடப் பயனுள்ளது.

சைவம் மட்டும் சாப்பிடும் பெரியவர்களுக்கும், அன்று விரதம் இருப்பவர்களுக்கும் இன்னொரு சிறிய பை தனியாக. அதன் மாவில் முட்டைக்குப் பதில் மூன்று மேஜைக்கரண்டி பால். மேலே தடவவும் பால்தான். உள்ளே பலாக்காய். பிஞ்சுப் பலாவை வேகவைத்து உதிர்த்து அதே உப்புக்கறித் தாளிப்பில் வதக்கினால் ஈரமும் குறைவு, கடிபடும் தன்மையும் உண்டு. இதை முதலில் ஓவனில் வைத்து எடுத்துவிட்டு, பிறகு கோழியை வையுங்கள். கத்தியும் தட்டும் வேறு வேறாக இருக்க வேண்டும். மேலே மாவில் ஒரு இலை செய்து ஒட்டிவிட்டால் எது எது என்று யாரும் கேட்க வேண்டியதில்லை.

ஓவனிலிருந்து எடுத்த சூட்டில் வெட்டக் கூடாது. கறி சரிந்து கொட்டும். ஆறு மணிக்கு வெளியே எடுத்து, ஏழு மணிக்குக் காரில் ஏற்றி, எட்டு மணிக்குப் பந்தியில் வெட்டுவது சரியான கணக்கு: மேலோடு இறுகியிருக்கும், உள்ளே இளஞ்சூடு இருக்கும், கோடைக்கு அஞ்சி நடுங்கும் அளவுக்கு நேரமும் ஆகியிருக்காது. போகும் வழியில் பாத்திரத்தை இறுக்கமாக மூடிவிட வேண்டாம், ஆவி படிந்து மேலோடு நமத்துவிடும். மெல்லிய துணி போதும். பல் உள்ள ரொட்டிக் கத்தியால் அறுக்க வேண்டும்.

தொட்டுக்கொள்ள ஆங்கிலேயர்கள் இனிப்புச் சட்னியோ கடுகுப் பச்சடியோ வைப்பார்கள். நமக்கு இது மாங்காய்க் காலம். வெல்லமும் வரமிளகாயும் போட்ட மாங்காய்ப் பச்சடி உப்புக்கறியின் காரத்தை வெட்ட அதைவிட நன்றாகவே உதவுகிறது. மீந்தால் அன்றிரவே குளிர்சாதனப் பெட்டிக்குப் போக வேண்டும். மறுநாள் காலையில் மைக்ரோவேவில் வைத்தால் மேலோடு தோலாகிவிடும்; துண்டுகளைத் தோசைக்கல்லில் அடிப்பக்கம் படும்படி வைத்து, மூடி போட்டு, சிறுதீயில் உள்ளே வரை ஆவி பறக்கும் அளவுக்குச் சூடாக்குங்கள். சிங்கப்பூர் ஆச்சி அடுத்த முறை ஆட்டுக்கறியில் வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குக் கறியின் கொழுப்பைப் பாதியாவது களைந்துவிட்டுத்தான் சுண்டவைக்க வேண்டும். மாவில் இருக்கும் கொழுப்பே போதுமானது.